டிக்கெட் இல்லாத பையனும் டிக்கெட் வாங்கிய நானும்

டிசம்பர் பிறந்துவிட்டால் மாம்பலத்திலிருந்து மாமா போன் செய்வார். "சீசனுக்கு வரியா, இல்லையா?" என்பதுதான் கேள்வி. வந்தால் எந்த சபாவில் யார் கச்சேரி, எந்த கேண்டீனில் என்ன டிபன் என்று பட்டியல் தயாராக இருக்கும். புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் இரண்டு மூன்று வருஷம் போனேன். அப்புறம் நின்றுபோனது. வங்கிக்காரன் டிசம்பர் கடைசியில் லீவு கேட்டால் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்பது இன்னொரு வங்கிக்காரனுக்குத்தான் தெரியும். காலாண்டுக் கணக்கு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் எங்கள் காலனியில் இருக்கும் காகா.

காகா ஒரு வங்கியில் ஹெட் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார். முழங்கால் போய்விட்டது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு நாள் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். லெட்ஜர் மாதிரியே கோடு போட்டு, தேதி, ஊர், பாடியவர், ராகம், மணி, செலவு என்று எழுதியிருந்தார். செலவில் மட்டும் நான்கு பத்தி: ரயில், சாப்பாடு, டிக்கெட், லாட்ஜ். எண்பதுகளில் வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றியிருக்கிறார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். லாட்ஜ் பத்தியில் ஒரு பைசா இல்லை.

"சொந்தக்காரர் வீடா காகா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ராத்திரி பந்தல், பகல் ரயில். நடுவில் வெயிட்டிங் ரூம்."

அந்த வெற்றுப் பத்திதான் என்னைக் கிளப்பியது. கொரோனாவில் இரண்டு வருஷம் எல்லாம் முடங்கிக் கிடந்து, மறுபடி விழாக்கள் தொடங்கிய பிறகு, தேதிகள் வரிசையாக அமைந்த ஒரு டிசம்பரில் நானும் காகாவின் பழைய பாதையிலேயே கிளம்பினேன். ஐந்து நாள் லீவு, இரண்டு பக்கமும் சனி ஞாயிறு. புனே, குவாலியர், ஜலந்தர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரயில்: ஜீலம் எக்ஸ்பிரஸ். புனேயில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் மாலை குவாலியர். அதே வண்டி அதற்கடுத்த விடியலில் ஜலந்தர் கண்டோன்மென்ட். ஜம்மு போகும் பட்டாளத்துக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஏறுவார்கள். சங்கீதத்துக்காக ஏறுகிறவன் அனேகமாக நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

ஆனால் இந்தப் பாதையை முதலில் போட்டவர் காகாவும் இல்லை. கதக்கிலிருந்து ஓடிப்போன ஒரு பதினொரு வயதுப் பையன்.

1922இல் பிறந்த பீம்சேன் ஜோஷிக்கு அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊர்வலம், பஜனை, பேண்டு வாத்தியம், எது தெருவில் போனாலும் பையன் பின்னாலேயே போய்விடுவானாம். எங்கேயாவது தூங்கிப்போனால் திருப்பிக் கொண்டுவந்து விடட்டும் என்று சட்டையில் 'ஜோஷி மாஸ்டர் மகன்' என்று அப்பா எழுதி வைத்தார் என்பார்கள். கடையில் ஓடிய ஓர் இசைத்தட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. கிரானா கரானாவின் உஸ்தாத் அப்துல் கரீம் கான் பாடியது, ஜிஞ்ஜோட்டி ராகத்தில் ஒரு தும்ரி. இப்படிப் பாட வேண்டும், இதற்கு குரு வேண்டும். 1933இல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். சாதத்துக்கு இன்னொரு கரண்டி நெய் கேட்டு அம்மா இல்லை என்றதில் வந்த கோபம் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். பதினொரு வயசில் நெய்யும் சங்கீதமும் ஒரே அளவு முக்கியம்தான்.

கையில் காசில்லை. ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறுவது, பரிசோதகர் வந்தால் பாடிக் காட்டுவது, பயணிகள் கொடுப்பதைச் சாப்பிடுவது, பிடிபட்டால் உள்ளே போவது. புனே, பம்பாய் தாண்டி குவாலியர் போய்ச் சேர்ந்தான். அங்கே சரோத் மேதை ஹாஃபிஸ் அலி கானின் உதவியால் மாதவ் சங்கீதப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1918இல் சிந்தியா மகாராஜா, பாத்கண்டேயின் துணையோடு தொடங்கிய பள்ளி அது. அங்கிருந்து கல்கத்தா. நடிகர் பஹாரி சன்யால் வீட்டில் எடுபிடி வேலை. (பல வருஷம் கழித்துக் கல்கத்தாவில் பெரிய வித்வானாகப் பாடிவிட்டு, "என்னைத் தெரிகிறதா? உங்கள் வீட்டு வேலைக்காரப் பையன் ஜோஷி" என்கிற மாதிரி சன்யாலிடம் போய் நின்றார் என்பது வடக்கே எல்லா ரசிகர்களுக்கும் தெரிந்த கதை.) பிறகு டெல்லி. கடைசியில் ஜலந்தர். அங்கே என்ன நடந்தது என்பதை ஜலந்தர் வந்ததும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த இசைத்தட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்துல் கரீம் கான் தெற்கே அடிக்கடி வந்தவர். நம் சங்கீதத்தை உட்கார்ந்து கேட்டவர். தியாகராஜரின் கரகரப்ரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். 1937 அக்டோபர் 27ஆம் தேதி மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது வழியில் உடம்புக்கு முடியாமல் ஒரு ஸ்டேஷனில் இறங்கினார். பிளாட்பாரத்திலேயே பிரார்த்தனையாகப் பாடியபடி உயிர் பிரிந்தது. அந்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோவில். பி.காம். படித்த மூன்று வருஷமும் மின்சார ரயிலில் தினம் இரண்டு தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டியவன் நான். ஒருத்தரும் சொன்னதில்லை. புனேயில் காகா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, புனே. கரீம் கானின் சீடர் ராம்பாவ் குந்த்கோல்கர். நாடக மேடையில் பெண் வேஷம் கட்டிப் பாடியவர். மராத்தி மேடையில் பால கந்தர்வர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. இவருக்கு 'சவாயி கந்தர்வர்' என்று பட்டம் வந்தது. சவாயி என்றால் ஒன்றேகால். கந்தர்வனுக்கு மேல் இருபத்தைந்து சதவீதம்! அவர் 1952இல் காலமானார். அடுத்த வருஷமே, 1953இல், சீடர் பீம்சேன் ஜோஷி புனேயில் குருவின் நினைவு விழாவைத் தொடங்கினார். 2011இல் பீம்சேனும் போன பிறகு விழாவின் பெயரில் அவரும் சேர்ந்துகொண்டார்.

காகாவின் நோட்டில் புனேப் பக்கங்களில் 'மணி' பத்தியைப் பாருங்கள்: இரவு 11, 1, 3, காலை 5. இரவெல்லாம் கச்சேரி. நம்மூரில் கல்யாணியை மத்தியானம் மூணு மணிக்குப் பாடினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. இவர்களுக்கு அப்படி இல்லை. தர்பாரிக்கு நடு ராத்திரி, தோடிக்குக் காலை என்று வேளை உண்டு. விடிய விடிய உட்கார்ந்தால்தான் ராகங்கள் அதனதன் நேரத்தில் வரும். கடைசி நாள் விடியும்போது பீம்சேன் பாடுவார் என்பதற்காகவே பனியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தேன் என்கிறார் காகா.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நவராத்திரி ராத்திரிகளில் ஸ்பீக்கருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பார்த்தவன். ஆனால் பந்தல் விழாவுக்கு அதோடு ராத்திரி போய்விட்டது. இப்போது மத்தியானமே தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் பத்து மணிக்குள் எல்லாம் கட்டு. தர்பாரி பாடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். காகா அதற்குப் பிறகு போவதையே நிறுத்திவிட்டார். "கடையைக் கட்டும் நேரத்தில் தர்பாரியா?" என்பார். எனக்கு உண்மையைச் சொன்னால், பத்தரைக்கு வீட்டுக்கு வந்து படுப்பது பிடித்துத்தான் இருக்கிறது. இதைக் காகாவிடம் சொன்னதில்லை.

விழா ரமண்பாக் பள்ளி மைதானத்திலிருந்து 2018இல் முகுந்த் நகருக்கு மாறிவிட்டது. பெரிய பந்தல். முன்னால் சோபா, பிறகு நாற்காலி, மற்றபடி தரையில் 'பாரதீய பைட்டக்'. தரை டிக்கெட் விலை குறைவுதான், நானும் தரைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்தேன். ஞாயிறு கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பாடி முடித்த பிறகு சவாயி கந்தர்வரின் பழைய பைரவி இசைத்தட்டைப் போடுவார்கள். மேடையில் ஆள் இல்லை. கரகரவென்று எழுபத்தெட்டு சுற்றுத் தட்டின் ஒலி. அவ்வளவு பெரிய கூட்டமும் செருப்பைத் தேடாமல் அப்படியே உட்கார்ந்து கேட்கிறது. எந்தக் கலைஞருக்காகவும் அன்றைக்கு நான் அப்படி ஒரு நிசப்தத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் மாலை வண்டி ஏறி, செவ்வாய் சாயங்காலம் குவாலியர். தங்கமணி கட்டிக் கொடுத்த புளியோதரை இட்டார்சி தாண்டும்போது தீர்ந்தது.

குவாலியரில் தான்சேன் சமாதி ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. பெரிய கட்டடத்தைப் பார்த்து இதுதான் தான்சேன் என்று கையெடுக்கப் போனேன். அது சூஃபி ஞானி முகமது கௌஸின் கல்லறை. கல்லில் சல்லடை மாதிரி இழைத்த ஜன்னல்கள். அக்பர் சபையின் மகா வித்வான், பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தின் கீழே படுத்திருக்கிறார். அருகில் ஒரு புளியமரம். அதன் இலையைத் தின்றால் குரல் வளம் பெறும் என்று பாடகர்கள் காலம் காலமாகப் பறித்துத் தின்றிருக்கிறார்கள். பழைய மரம் போய், அதன் இடத்தில் வந்த மரம் இது என்கிறார்கள். நானும் ஒன்று வாயில் போட்டேன். புளித்தது. குரல் அப்படியேதான் இருக்கிறது.

1924இல் சிந்தியா அரசு இதை உருஸாகத் தொடங்கியது. 2024இல் நூறாவது விழாவே நடந்துவிட்டது. நம் பையன் இந்த ஊரில் அலைந்தபோது விழாவுக்கும் அனேகமாக அவன் வயசுதான். இன்றைக்கு மத்தியப் பிரதேச அரசு நடத்துகிறது. டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முதல் நாள் காலையில் ஷெனாய், பிறகு டோலிபுவா மடத்தார் ஹரிகதை, மௌல்வி மீலாத், சமாதிக்குச் சாதர் என்று தொடங்கும். நான் போய்ச் சேர்வதற்குள் அது முடிந்திருந்தது. ஹரிகதை என்றதும் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம். மராத்தியர் போன இடமெல்லாம் கீர்த்தன் கூடவே போயிருக்கிறது. தெற்கே தஞ்சாவூரில் கிருஷ்ண பாகவதர் கையில் அது தமிழ்க் கதாகாலட்சேபமாக மாறியது. வடக்கே குவாலியரில் ஒரு முஸ்லிம் சமாதியின் வாசலில் இன்னும் நடக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இந்த விழாக்கள் எல்லாமே ஒரு மறைந்த மனிதருக்காகத் தொடங்கியவை. சென்னை சீசனுக்கு வேர் 1927 காங்கிரஸ் மாநாட்டில் இருக்கிறது. அதை ஒட்டித்தான் 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. அது சபை, உறுப்பினர், வரிசை எண் போட்ட நாற்காலி. திருவையாறு வேறு. அங்கே 1925இல் பெங்களூர் நாகரத்தினம்மா தன் சொந்தக் காசில் தியாகராஜருக்குச் சமாதி கட்டி முடித்தார். அங்கே போகிறவன் டிக்கெட் கேட்டால் பைத்தியம் என்பார்கள். குவாலியரும் ஜலந்தரும் திருவையாற்று ஜாதி. புனே இரண்டுக்கும் நடுவே.

புதன்கிழமை காலை தான்சேன் பிறந்த பேஹட் கிராமத்துக்கு ஜீப்பில் போனேன். விழாவின் கடைசி நாள் அமர்வு ஒன்று அங்கே நடக்கும், ஆனால் அன்றைக்கு நான் ரயிலில் இருப்பேன். ஆற்றங்கரையில் ஒரு சிவன் கோயில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தான்சேன் பாட்டைக் கேட்டுச் சாய்ந்ததாம். ஆடு மேய்க்கும் ஒரு பையனைத் தவிர யாரும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குவாலியரில் இரவுக் கச்சேரிகளுக்குப் போய்வர லாட்ஜ். வியாழன் மாலை மறுபடி ஜீலம். வட இந்தியாவில் டிசம்பர் கடைசியில் ரயிலேறியவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். பனிமூட்டம். மதுராவில் நின்றது, டெல்லிக்கு வெளியே நின்றது, பானிபட்டில் நின்றது. விடியற்காலை போக வேண்டிய வண்டி மத்தியானம் தாண்டித்தான் ஜலந்தர் கண்டோன்மென்ட் சேர்ந்தது.

ஹரிவல்லபர் சங்கீத சம்மேளனம் 1875இல் தொடங்கியது. சுவாமி துல்ஜாகிரியின் நினைவாக, அவர் சீடர் பாபா ஹரிவல்லபர் தேவி தாலாப் குளக்கரையில் பாட்டுக்காரர்களைக் கூட்டினார். குருவுக்குச் சிராத்தம் செய்கிற மாதிரிதான். 1885இல் ஹரிவல்லபரும் மறைந்தார். அவர் சீடர் தோலோ ராம் தொடர்ந்தார். துருபத் பாடும் சாதுக்களும் கரானா உஸ்தாத்களும் கிராமத்து ஜனங்களும் ஒரே தரையில். பக்கத்து ஹோஷியார்பூர் ஜில்லாவின் ஷாம் சௌராசி கரானா நஜாகத் அலி, சலாமத் அலி சகோதரர்கள் சிறுவர்களாக இங்கே பாடியவர்கள். 1947இல் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பஞ்சாபின் பாட்டுக் குடும்பங்கள் பலவும் அப்படியே போயின. விழா இந்தப் பக்கம் தங்கியது, அதில் பாடியவர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம். பிரிவினையில் நிலம், நகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் பங்கீடு பேசினார்கள். இதற்கு யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

இந்த ஜலந்தரில்தான் நம் பையன் பக்த மங்கத் ராம் என்ற கண் தெரியாத துருபத் பாடகரிடம் பாடம் கேட்டுக்கொண்டு இருந்தான். ஹரிவல்லபர் விழாவுக்குப் புனேயிலிருந்து விநாயகராவ் பட்வர்த்தன் பாட வந்தார். 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கிய விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடர் அவர். பாட்டுக்காரர்களுக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்த பையனை விசாரித்தார். தார்வாட் பக்கத்துப் பையனா? கரீம் கான் பாட்டுக்காகவா இவ்வளவு தூரம்? அவருடைய முதல் சீடர் சவாயி கந்தர்வர் உன் ஊருக்குப் பக்கத்தில் குந்த்கோலில் இருக்கிறாரே, இங்கே என்ன செய்கிறாய்? அப்பா தேடி வந்து கூட்டிப்போனார் என்றும் சொல்வார்கள். எப்படியோ பையன் ஊர் திரும்பி 1936 வாக்கில் குந்த்கோலில் சேர்ந்தான். அடுத்த வருஷம்தான் கரீம் கான் சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் கண் மூடியது.

தேவி தாலாப் பந்தலில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டது இதுதான். அன்றைக்கு வாசலில் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பையன் உள்ளே வந்திருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குப் பந்தலைக் காலி செய்யச் சொல்லியிருந்தால் அவன் எங்கே போய்ப் படுத்திருப்பான்? விடிய விடிய நடந்த விழா, கையில் காசில்லாதவனுக்குக் கச்சேரி மட்டும் இல்லை, தங்குமிடமும் அதுதான். எனக்கு ஏசி பெட்டி உண்டு, சம்பளம் உண்டு. இன்றைக்கு ஒரு பதினொரு வயதுப் பையன் அப்படிக் கிளம்பினால் ரயில்வே போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்கும். அதுதான் சரியும்கூட. எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். ஆனாலும்.

ஜலந்தரில் இன்றும் டிக்கெட் கிடையாது. குளிர் எலும்புக்குள் போகிறது. ஜனங்கள் ரஜாயோடு வந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருந்த சர்தார்ஜி தாத்தா என் ஸ்வெட்டரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் ரஜாயின் ஒரு ஓரத்தை என் முழங்கால் மேல் இழுத்துவிட்டார். ஆனால் நான் இருந்த இரவுகளில் இங்கேயும் கச்சேரி விடியும்வரை போகவில்லை.

ஞாயிறு ராத்திரி அறைக்குத் திரும்பிக் காகாவுக்குப் போன் போட்டேன். தூங்கியிருக்க மாட்டார் என்று தெரியும்.

"கடைசியில் என்ன ராகம்? மணி என்ன?"

சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என் வாரத்தையும் அந்த நோட்டிலேயே ஏற்றுகிறாராம். ரயில் செலவு கேட்டார், சாப்பாடு கேட்டார், டிக்கெட் கேட்டார். புனேக்கு மட்டும்தான் என்றேன்.

"லாட்ஜ்?"

குவாலியரையும் ஜலந்தரையும் கூட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.